கலவாயும் இறாலும்: ஓர் உவமையின் பொருளியல் அடிப்படை பற்றிய சில குறிப்புகள்

"பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும்" என்னும் கூற்று நமது பேச்சு வழக்கிலும் அரசியல் எழுத்துக்களிலும் பெரிதும் பயின்று வருவதாகும். இதன் வடமொழி வடிவமான மச்ச நியாயத்தைக் கௌடில்யரின் அர்த்தசாத்திரத்திலே காண்கின்றோம். மச்ச நியாயத்தால் வருந்திய மக்கள் மனுவை அரசனாக்கி, விளைச்சலில் அவனுக்குப் பங்கு கொடுக்க இசைந்தனர் என்று அந்நூல் கூறும். மீன்களின் நடத்தை அங்கு வரிவிதிப்புக்கு நியாயம் ஆகின்றது. பாக்கு நீரிணையில் றோலர்களால் வலையிழந்த யாழ்ப்பாணக் கடற்றொழிலாளரைப் பற்றிப் பேசுமிடத்தும் இதே உவமை இன்று கையாளப்படுகின்றது. இலக்கிய ஆய்வாளராகிய நாம் விலங்கியலாளரின் புலத்துள் நுழைந்து மீன்தொட்டி பற்றி எழுத முற்படுவதற்கு இதுவே காரணமாகும். உவமானத்தைப் பற்றிய அறிவு பிழையாயின் உவமேயத்தைப் பற்றிய அறிவும் பிழைபடும்.

கலவாய் போன்ற ஊனுண்ணி மீனொன்றையும் வெள்ளை இறால்கள் சிலவற்றையும் ஒரே கடல்நீர்த் தொட்டியில் விட்டால் நிகழ்வது எதுவென்பதைக் கரையூரவர் எவரும் சொல்லிவிடுவர். கலவாய் தன் வாயைத் திடீரென அகலத் திறக்கும்போது நீர் உள்ளே பாய்கின்றது. அந்நீரோடு இறாலும் உள்ளே போகின்றது. நமது கடலேரியிற் கட்டப்படும் சிறகுவலைகளிலும் மீனும் இறாலும் ஒரே அடைப்புக்குள் அகப்படுவதால், விடியற்காலையிற் பிடியைத் தெரிவோர் மீனின் வயிற்றில் இறாலைக் காண்பது புதுமையன்று. இவ்வளவில் மச்ச நியாயம் மெய்யெனவே தோன்றும்.

ஆயின், அதே தொட்டியில் லைஸ்மாட்டா அம்போயினென்சிஸ் என்னும் துப்புரவு இறாலை விட்டால் நிலைமை வேறாகின்றது. செந்நிற முதுகின் நடுவே வெண்கோடு ஓட, நீண்ட வெண்ணிற உணர்கொம்புகளை அசைத்துக்கொண்டு இது பாறையிடுக்கின் வாயிலில் நிற்கும். கலவாய் அல்லது அஞ்சாலை அருகே வந்து அசைவற்று நின்று வாயைத் திறக்க, ஆறு சதமமீற்றர் நீளத்துக்கு மேற்படாத இவ்வுயிர் அவ்வாயினுள்ளே புகுந்து, ஒட்டுண்ணிகளையும் இறந்த தோலையும் பொறுக்கித் தின்று வெளியேறுகின்றது. விழுங்குவதற்கு ஆற்றல் உண்டு, வாயும் திறந்தே இருக்கின்றது, ஆயினும் விழுங்கப்படவில்லை. செவ்வெண் பட்டைகளும் மூன்று இணைக் கொடுக்குகளும் உடைய ஸ்டெனோபஸ் ஹிஸ்பிடஸ் என்னும் இறாலும் இத்தொழிலைச் செய்வதே.

கொன்ராட் லிம்போ என்னும் அமெரிக்க ஆய்வாளரின் கட்டுரையொன்று 1961 இல் வெளிவந்து இவ்வுறவைப் பரவலாக அறியச் செய்தது. பஹாமாத் தீவுகளின் சிறிய முருகைக்கற் பார்களிலிருந்து துப்புரவு உயிர்களை அகற்றியபோது, பிற மீன்கள் குறைந்து, எஞ்சியவற்றின் உடலிற் புண்கள் பெருகின என அவர் எழுதினார். பின்வந்தோர் செய்த சோதனைகள் யாவும் இதே விளைவைத் தரவில்லை. எனினும் 1990களின் இறுதியில் அவுஸ்திரேலியாவின் லிசாட் தீவில் துப்புரவு மீன்களைப் பற்றி நடந்த ஆய்வுகள், அவை ஒட்டுண்ணிகளை உண்மையிலேயே குறைக்கின்றன என்பதை எண்ணிக்கையால் நிறுவின. 2005 இல் வெளியான மற்றோர் ஆய்வு நமக்கு இன்னும் சுவையானது. யூரோகாரிடெல்லா இனத்து இறால்கள் உடலைப் பக்கவாட்டில் ஆட்டித் தமது சேவையை அறிவிக்கின்றன. பசித்த இறால் கூடுதலாக ஆடுகின்றது. நடனத்தின் தோற்றத்தை உழைப்பிலே தேடியவர்கள் இதனைக் கண்டால் மகிழ்ந்திருப்பர். அவ்வளவு தூரம் செல்ல நாம் விரும்பவில்லை.

இங்குத்தான் இரண்டாவது தவறு நேரக்கூடும். போராட்டமே இயற்கை விதி என்போருக்கு மாறாக, கூட்டுறவே இயற்கை விதி என்று கூற இவ்விறாலைச் சான்றுக்கு அழைக்கலாம். 1902 இல் நூலாக வெளிவந்த குரொப்பொட்கினின் 'பரஸ்பர உதவி' அத்தகைய நோக்கினது. தொட்டியின் அனுபவமோ இதற்கும் இடந்தருவதில்லை. துப்புரவு இறாலின் பாதுகாப்பு கலவாயின் கருணையன்று. அது குறிப்பிட்ட நிலைமைகளில் மட்டும் நிலைத்திருக்கும் ஓர் உறவு.

அந்நிலைமைகள் எவை? மீன் போதிய உணவு பெற்றிருத்தல் வேண்டும். இறால் குடியேறித் தனது இடுக்கைத் தெரிந்துகொண்ட பின்னரே ஊனுண்ணியை உள்ளே விடுதல் நன்று. ஏற்கெனவே மீன் ஆளும் தொட்டியில், புதிதாய் நீரிற் கீழிறங்கும் இறால் இரையாகவே காட்சிதரும். அதன் பழைய நீரோடு தொட்டி நீரைத் துளித்துளியாகக் கலந்து பழக்காவிடில், உவர்ப்பின் திடீர் மாற்றமே அதனைக் கொன்றுவிடும். நோய்க்கு இடும் செப்பு மருந்தும் மீனைக் காத்து இறாலைக் கொல்லும். தொட்டி மீன்களுக்கு உயிருள்ள இறாலைத் தீனியாகக் கொடுப்போர், பின்னர் துப்புரவு இறாலும் தின்னப்பட்டதென்று வருந்துவதில் நியாயமில்லை. இவ்வளவும் செய்தாலும் கிளாத்தி, பேத்தை போன்ற, கோதுடைய உயிர்களைக் கடித்து நொறுக்கித் தின்னும் மீன்களுடன் இறாலை வைத்திருத்தல் இயலாது. அவற்றின் பற்களே அத்தொழிலுக்கானவை.

எல்லாவற்றிலும் முக்கியமானது கோது கழற்றும் பொழுது. சில வாரங்களுக்கு ஒருமுறை இறால் தன் பழைய கோதினைக் கழற்றுகின்றது. கழன்ற கோது முழு இறால் போலவே கிடப்பதால் இறால் இறந்துவிட்டதென்று மயங்குவோர் பலர். புதுக்கோது இறுகும் வரை அது மெத்தென்றிருக்கும். அப்போது துப்புரவும் இல்லை, உணர்கொம்பாட்டமும் இல்லை. ஒளிவதற்கு ஆழமான இடுக்கு இருந்தாற் பிழைக்கும். இல்லையேல் நேற்று வரை அதன் சேவையைப் பெற்ற மீனே இன்று அதனைத் தின்னக்கூடும். தொழில் நின்றதும் காப்பும் நிற்கின்றது.

தொட்டிக்குள் இன்னொரு மாற்றமும் நிகழ்கின்றது. மூடிய நீரில் ஒட்டுண்ணிகள் கடலிற்போல அமைவதில்லை. ஆகவே இறால் வரவரத் துப்புரவால் அன்றி, வெளியிலிருந்து இடப்படும் தீனியால் வாழ்கின்றது. சிலவேளை மீனின் வாயிலிருந்தே தீனியைப் பறித்துக்கொள்கின்றது. உறவின் வடிவம் எஞ்சியிருக்க, அதன் பொருளியல் அடிப்படை தொட்டிக்கு வெளியே நிற்கும் ஒருவரின் கைக்கு மாறிவிடுகின்றது. கண்ணாடியூடாக நோக்குபவர் தொட்டியில் நிலவும் அமைதியை மீனின் இயல்பு என்பார். தீனியிடும் கை அவர் கண்ணிற் படுவதில்லை.

டார்வின் விலங்குகளிடையே தமது ஆங்கிலச் சமூகத்தையே, அதன் தொழிற்பிரிவினை, போட்டி முதலியவற்றோடு மீளக் காண்கின்றார் என்று மார்க்ஸ் 1862 இல் எங்கெல்சுக்கு எழுதினார். எங்கெல்ஸ் 1875 இல் லாவ்ரோவுக்கு எழுதிய கடிதம் இதனை மேலும் தெளிவாக்குகின்றது. சமூகத்திலிருந்து இயற்கைக்குப் பெயர்க்கப்பட்ட கோட்பாடு, பின்னர் இயற்கையிலிருந்து வரலாற்றுக்கு மீளப் பெயர்க்கப்பட்டு, நித்திய விதியென நிறுவப்படுகின்றது என்பது அவர் வாதம். டார்வினுக்கு முன் இயற்கையிற் கூட்டுறவை மட்டும் கண்டவர்களே அவருக்குப் பின் போராட்டத்தை மட்டும் காண்கின்றனர் எனவும், இரண்டுமே ஓரளவில் நியாயமுடையனவாயினும் ஒருபக்கச் சார்பான குறுகிய நோக்குகளே எனவும் அவர் அக்கடிதத்திற் கூறுகின்றார். துப்புரவு இறாலை அறியாத எங்கெல்சின் கூற்று அதற்கு இத்துணை பொருந்துவது அவதானிக்கத்தக்கது.

இவ்விறால்கள் தொட்டிக்கு வரும் வழியும் கூறப்படல் வேண்டும். லைஸ்மாட்டா இறாலின் குடம்பிப் பருவம் பல மாதங்கள் நீடிப்பதால் அதனைத் தொட்டியில் இனம்பெருக்குதல் கடினம். சந்தைக்கு வருவன பெரும்பாலும் கடலிற் பிடிபட்டனவே. அலங்காரக் கடலுயிர்களை ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. ஆழத்தில் வாழ்பவற்றைப் பிடிக்கக் காற்றுக் கலன்களோடு இறங்கும் சுழியோடி விரைந்து மேலெழுந்தால், குருதியிற் கரைந்த நைதரசன் குமிழியாகி உடலை முடமாக்கவோ உயிரைப் போக்கவோ கூடும். தொட்டியின் அருகே எழுதப்படும் விலையில் இது தென்படுவதில்லை.

மீண்டும் றோலருக்கு வருவோம். அதனைப் பெரிய மீன் என்பது, கலவாய்க்கும் பொருந்தாத ஓர் இயல்பை முதலீட்டுக்கு ஏற்றிக் கூறுவதாகும். கலவாய் பசி தீர்ந்ததும் நிற்கும். றோலருக்குப் பின்னால் உரிமையாளர், கடன், எரிபொருள், கூலி, ஏற்றுமதி விலை ஆகியன உண்டு. பாக்கு நீரிணையின் இந்தியக் கரையில் இழுவைப்படகுகள் பெருகியதற்கு வெளிநாட்டு இறாற் சந்தையே முதன்மைக் காரணம். அப்படகிற் கூலிக்குச் செல்லும் தமிழகத் தொழிலாளியும், 1990களிலும் அதன் பின்னரும் போர்க்காலத் தடைகளாற் கடல் மறுக்கப்பட்டிருந்த நமது கரையோரத் தொழிலாளியும் வெவ்வேறு மீனினங்கள் அல்லர். 2017 இல் இலங்கைப் பாராளுமன்றம் தனது கடலில் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது; எல்லை கடந்து வரும் படகுகள் பற்றிய பிணக்கு அதனோடு தீரவில்லை. கடலடியைத் துழாவிச் செல்லும் அம்மடி, இறாலையும், இறாலைத் தின்னும் மீனையும், அவ்விரண்டின் குஞ்சுகளும் ஒதுங்கும் கடற்புல்லையும் ஒருங்கே வாரிச் செல்கின்றது.