இரண்டு கப்பல், ஒரு சிலிண்டர் காற்று

2022இல் ஆந்திர மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதிக்குக் கடற்கரையும் வந்து சேர்ந்தது. ஆனால் வாகாடு பக்கம் முக்குளிக்கப் போனால் ஏமாற்றம்தான். சுவர்ணமுகி கொண்டுவந்து கொட்டும் வண்டலும் மணலுமே அங்கே உண்டு. பவளம் வளரத் தெளிந்த நீரும், பற்றிக்கொள்ளக் கெட்டியான தளமும் வேண்டும்.

இலங்கையின் மட்டக்களப்புக் கடலில் அந்தத் தளத்தைப் போர் கொடுத்தது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதில் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். அதே நாளில் பிரிட்டிஷ் சார்ஜண்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் போயிற்று. முதலாவது கிடப்பது ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில். இரண்டாவது, பாசிக்குடாவுக்கு அப்பால், சுமார் 24 மீட்டரில்.

இந்த எண்களில்தான் எல்லாம் இருக்கிறது. முக்குளிப்பவர் முதுகில் சுமப்பது ஆக்சிஜன் அல்ல, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. சுற்றியுள்ள நீரின் அழுத்தம் எவ்வளவோ அதே அழுத்தத்தில், மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்றைத் தருவது ரெகுலேட்டர். பிரான்சில் 1943இல் கூஸ்தோவும் காஞானும் உருவாக்கிய கருவி இது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 24 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே செலவாவதைப் போல மூன்று மடங்குக்கும் அதிகமான காற்று செலவாகும். நைட்ரஜனும் உடம்பில் கரைந்துகொண்டே போகும். அவசரமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்தது போல அது குமிழாகக் கிளம்பும். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை வரலாம்.

எண்ணெய்க் கப்பலில் ஏறத்தாழ அரை மணி நேரம் சுற்றலாம். பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். ஹெர்மிஸுக்குத் தனிப் பயிற்சி வேண்டும், ஹீலியம் கலந்த காற்று வேண்டும், ஏறும்போது இடையிடையே நின்று வர வேண்டும். ஆசைக்காக இறங்கும் இடம் அல்ல அது.

ஆழத்தில் சிவப்பு நிறம் முதலில் மறைந்துவிடும். சாம்பலாகத் தெரியும் இரும்புத் தகட்டில் டார்ச் அடித்தால், அதை மூடியிருக்கும் கடற்பஞ்சு செக்கச்செவேலெனத் தெரியும். இடுக்கிலிருந்து களவா மீன் எட்டிப் பார்க்கும். காலையில் கப்பலை முடித்துவிட்டு, கரையோரப் பவளத்திட்டைப் பிறகு பார்ப்பதே வழக்கம்: ஆழம் முதலில், மேலோட்டம் பின்னால்.

நம்மூர்க்காரர்களுக்கு ஒன்று: புதுச்சேரியில் முக்குளித்தாலும் அன்று மாலையே திருமலைக்கு ஏறாதீர்கள். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. விமானத்துக்குச் சொல்லும் 18 மணி நேர இடைவெளியை மலைக்கும் கொடுங்கள்.