தெருவோரக் கைத்தொழில்கள் – 9: முதல் பாடம் அரம்

சென்ற வாரம் சாணைக்காரர்களோடு நின்றோம். இந்த வாரம் சாவி.

பெங்களூரின் அல்சூரில் சாவிக்காரருக்கு வேலை ஓய்வதில்லை. கன்டோன்மென்ட் நாளிலிருந்து தமிழர்கள் நெருங்கி வாழும் பகுதி இது. ஏரிக்கும் சோமேஸ்வரர் கோயிலுக்கும் இடைப்பட்ட தெருக்களில் பழைய வீடுகளுக்கு லீவர் பூட்டு, புது அடுக்ககங்களுக்கு சிலிண்டர் பூட்டு, பிஜி அறைகளுக்குச் சின்னத் தொங்குபூட்டு. குடியிருப்பவர் மாறும்போதெல்லாம் யாருக்காவது ஒரு சாவி தேவைப்படுகிறது.

தொழில் பழக வரும் பையன்கள் எடுத்தவுடன் கேட்பது, "அண்ணா, சாவி இல்லாம எப்படித் திறக்கிறது?" அதைக் கடைசிப் பாடமாகத்தான் சொல்லித்தர வேண்டும் என்பேன். முதல் பாடம் அரம். முன்னே தள்ளும்போதுதான் அரம் வெட்டும். பின்னே இழுக்கையிலும் அழுத்தினால் பல் மழுங்கிப்போகும். மூலச் சாவியையும் பிளாங்கையும் (இன்னும் வெட்டாத வெற்றுச் சாவி) சேர்த்து வைஸில் இறுக்கி, பள்ளத்துக்குப் பள்ளம் ஒத்து வரும்வரை ராவவேண்டும். முடிந்தபின் பிசிறை நீக்காமல் கொடுத்தால் அந்தச் சாவி பூட்டுக்குள் சிக்கும். கொஞ்ச நாளில் பூட்டையே கெடுக்கும்.

மெஷின் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். தேய்ந்த சாவியைக் கொடுத்தால் மெஷின் அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே வெட்டும். நகலுக்கு நகல் எடுத்தால் பிழை ஏறிக்கொண்டே போகும். எந்த மேடு தேய்ந்திருக்கிறது, எவ்வளவு விட்டு வெட்ட வேண்டும் என்பது அரம் பிடித்த கைக்குத்தான் தெரியும்.

அப்புறம் பூட்டின் உள்ளே. இன்று வீட்டுக் கதவுகளில் பரவலாக இருக்கும் சிலிண்டர் பூட்டு, அமெரிக்கரான லைனஸ் யேல் 1860களில் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தது. பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு ஜோடிப் பின்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் மேலே ஒரு ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்தால் எல்லா ஜோடிகளும் பிரியும் இடம் ஒரே கோட்டில் வந்து நிற்கும், சிலிண்டர் சுழலும். ஒரு பின் மயிரிழை உயர்ந்தாலும் சுழலாது. இது புரிந்தவர் வீடு கைமாறும்போது பூட்டையே மாற்றச் சொல்லமாட்டார். பின்களை மட்டும் மாற்றிப் புதுச் சாவி வெட்டித் தருவார். வாடகை ஊரான பெங்களூரில் நிலையான வருமானம் தரக்கூடிய வேலை இதுதான்.

லீவர் பூட்டைக் கற்க விரும்புகிறவர் ஒருமுறையாவது திண்டுக்கல் போய்வர வேண்டும். லீவர்களை ஒவ்வொன்றாகக் கையால் ராவி, ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராதபடி செய்யும் பட்டறைகள் அங்கே உண்டு. மாங்காய்ப் பூட்டு அந்த ஊரின் பெயர்பெற்ற சரக்கு. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அலிகாரின் மெஷின் பூட்டு விலையில் முந்திவிட்டது. பட்டறைகள் குறைந்துவிட்டன, இளைஞர்கள் வருவதில்லை. குறியீட்டுச் சான்றிதழைவிட அந்தப் பட்டறைகளுக்கு அவசரத் தேவை, கற்க வரும் நாலு பையன்கள்.

இதையெல்லாம் வெளியே எழுதினால் திருடனுக்கு உதவாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. லண்டனில் பிராமா கம்பெனி, தன் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று 1790இலிருந்து கடையில் பலகை வைத்திருந்தது. 1851இல் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாட்களில் 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்தார். அன்றும் இதே கேள்வி எழுந்தது. திருடர்கள் ஏற்கெனவே அறிந்ததைப் பூட்டு வாங்குகிறவரும் அறியட்டும் என்பது ஹாப்ஸ் தரப்பின் வாதம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

தொழில் தொடங்க முதல் பெரிதாகத் தேவையில்லை. வைஸ், நாலைந்து வகை அரம், பிளாங்க் சரக்கு. மெஷின் பிறகு வாங்கிக்கொள்ளலாம். கம்பெனிக்குக் கம்பெனி சாவியின் காடி வேறுபடுவதால் பணம் முடங்குவது பிளாங்க்கில்தான். அக்கம்பக்கத்தில் எந்தப் பூட்டு அதிகம் என்று பார்த்து வாங்கவேண்டும்.

நல்ல கூலி இரவு அழைப்பில் வரும், ஆபத்தும் அதில்தான். கதவைத் தொடுமுன் அடையாள அட்டை பார்க்க வேண்டும். வீட்டுக்காரரிடம் போனில் பேச வேண்டும், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். பெயர், விலாசம், நேரம் மூன்றையும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். சோப்பில் அழுத்திய அச்சைக் கொண்டுவந்தாலும், போனில் எடுத்த படத்தைக் காட்டினாலும், எவ்வளவு பணம் தந்தாலும் வெட்டித் தரக்கூடாது.

கார் சாவிக்குள் இருக்கும் சிப் தனிப் படிப்பு. அது அடுத்த வாரம்.