பொதுத் திரட்டும் பொதுவுடைமையும்: யாழ்ப்பாண நூலக மரபை முன்வைத்து ஒரு குறிப்பு

பொருளையும் உழைப்பையும் இணையத்தின் வழியே பொதுமக்களிடமிருந்து திரட்டும் முறை இந்நூற்றாண்டின் புதுமையெனக் கருதப்படுகின்றது. கருவி புதியதே, ஆயின் அதன் அடியிலுள்ள சமூக உறவு புதியதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நூலக வரலாறு இதனைத் தெளிவுறுத்தும்.

1933இல் க. மு. செல்லப்பா தமது இல்லத்திலிருந்து நூல்களை இரவல் வழங்கத் தொடங்கினார். ஆர்வலர் பலர் கூடி நிதியும் நூலும் திரட்டியதன் பயனாக, 1934இல் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் நூலகம் உருவாயிற்று. பின்னர் 1959இல் திறக்கப்பட்ட கட்டடம் 1981இல் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. பலரும் சேர்த்த செல்வம் ஓரிடத்தில் மட்டும் இருந்தமையே, அதனை ஓரிரவில் அழித்தல் இயலுவதாயிற்று.

2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் அதே திரட்டல் மரபின் தொடர்ச்சி எனலாம். ஒருவர் நூலைத் தருகின்றார், மற்றொருவர் அதனை மின்வருடுகின்றார், இன்னொருவர் பட்டியலிடுகின்றார், புலம்பெயர்ந்தோர் பணம் உதவுகின்றனர். விளைபொருளோ எவரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய பொதுச்சொத்தாகின்றது. பல படிகளாகப் பேணவும் இயலுகின்றது.

இதற்கு மறுதலையான உதாரணமொன்றும் உண்டு. 2007இல் அறிமுகமான 'ரீகாப்சா', தாம் மனிதரே என நிறுவ விழைந்த இணையப் பயனாளரிடம் இரு சொற்களைக் காட்டியது. அவற்றுள் ஒன்று, பழைய அச்சுப்பக்கத்தில் கணினியால் வாசிக்க முடியாதிருந்த சொல். அதனைத் தட்டெழுதியோருட் பலர் தாம் உழைத்ததையே அறியார். 2009இல் கூகிள் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. இரு முயற்சிகளும் அச்சேட்டை எண்ணிமமாக்கின. இரண்டிலும் உழைத்தோர் பொதுமக்களே. திரட்டலின் தன்மையைத் தீர்மானிப்பது தொழினுட்பமன்று. உழைப்பவர் அறிந்து உழைக்கின்றனரா, விளைவு எவர்க்கு உடைமையாகின்றது என்னும் வினாக்களே.

எனினும் பொதுவுடைமை மட்டும் போதுமானதன்று. 'பொதுமக்கள்' என்போர் வர்க்க, சாதி வேறுபாடற்ற ஒரு திரள் அல்லர். நூல்களைச் சேர்த்துவைக்க அலுமாரியும், இடம்பெயரும்போது எடுத்துச்செல்ல வசதியும் பெற்றோரிடமே கொடுப்பதற்கு ஏதேனும் எஞ்சும். 1966இல் குடாநாட்டில் தீவிரமுற்ற தீண்டாமை எதிர்ப்புப் போராட்டம் போன்றவற்றின் துண்டுப்பிரசுரங்கள் தாமாக வந்து சேரும் என எதிர்பார்த்தல் பொருந்தாது. வருவதைப் பெறுவதோடமையாது வராததைத் தேடிச் செல்லும்போதே, பொதுத் திரட்டு உண்மையில் மக்களுடையதாகும்.