எலும்பை மட்டும் கேட்காதீர்கள்

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி எப்படி இருக்கிறது என்று பார்க்க மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் சோதனைக்கு டெக்ஸா என்று பெயர். ஒரு மேசையில் மல்லாந்து படுத்தால் போதும். ஊசி இல்லை, குகை போன்ற குழாய்க்குள் போவதும் இல்லை. மேசைக்கு அடியிலிருந்து எக்ஸ்ரே கதிர் மேலே வர, உடலுக்கு மேலே நீண்டிருக்கும் உணர்கருவி அதை வாங்கிக்கொண்டே நகர்கிறது. இதில் உடலில் படும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஓரிரு நாளில் நம்மீது இயல்பாகப் படும் அளவுதான். முடிவாகக் கிடைக்கும் தாளில் டி-ஸ்கோர் என்ற எண் இருக்கும். இளம் பெண்களின் சராசரி அடர்த்தியிலிருந்து நம் எலும்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அது சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த வரையறைப்படி −2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. பெரும்பாலோருக்குச் சோதனை இந்த ஓர் எண்ணோடு முடிந்துவிடுகிறது. அங்கே முடிந்துவிடக் கூடாது என்பதே என் வாதம். இதே இயந்திரம் உடலின் கொழுப்பையும் தசையையும் அளக்க வல்லது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் எலும்பு, தசை, கொழுப்பு மூன்றும் சேர்ந்தே மாறுகின்றன. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வைத்தியம் செய்தால் பாதி வைத்தியம்தான் நடக்கும்.

இயந்திரம் எப்படி இதைச் செய்கிறது என்பது தெரிந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜான் கேமரனும் ஜேம்ஸ் சோரன்சனும் 1963-இல் ஒற்றைக் கதிர் ஒன்றைக் கைக்குள் செலுத்தி, எவ்வளவு மறுபக்கம் வந்தது என்று பார்த்து எலும்பை அளந்தார்கள். ஆனால் வழியில் சதையும் கதிரை விழுங்குகிறது. எது எலும்பு விழுங்கியது, எது சதை விழுங்கியது என்று ஒற்றைக் கதிரால் பிரிக்க முடியாது. அதனால் மெல்லிய முன்கையைத் தாண்டி இடுப்புக்கோ முதுகுக்கோ அந்த முறை போகவில்லை. இரண்டு வெவ்வேறு ஆற்றல் கொண்ட கதிர்களை அனுப்பியதில்தான் வழி திறந்தது. எலும்பிலுள்ள கால்சியம் குறைந்த ஆற்றல் கதிரைப் பெரிதும் தடுக்கும். கூடிய ஆற்றல் கதிர் வந்தால் எலும்புக்கும் சதைக்கும் வேறுபாடு சுருங்கிவிடும். இரண்டு அளவுகள் கிடைத்தால் இரண்டு சமன்பாடுகள். தெரியாத இரண்டைக் கண்டுபிடித்துவிடலாம். முதலில் கதிரியக்கத் தனிமத்தைக் கொண்டு இதைச் செய்தார்கள். 1987 வாக்கில் எக்ஸ்ரே குழாய் அதன் இடத்தைப் பிடித்தபோது இன்றைய டெக்ஸா பிறந்தது. எலும்பு குறுக்கிடாத இடங்களில் அதே கணக்கு கொழுப்பையும் கொழுப்பல்லாத திசுவையும் பிரிக்கிறது. எலும்பு இருக்கும் இடத்தில் மூன்றையும் ஒருசேரப் பிரிக்க இரண்டு சமன்பாடுகள் போதாது. அருகிலுள்ள சதையை வைத்து மென்பொருள் ஊகிக்கிறது. தசை என்று நாம் வாசிக்கும் எண்ணிலும் நீரும் உள்ளுறுப்புகளும் கலந்திருக்கின்றன. குறைகள் உண்டு. ஆனாலும் எடை பார்க்கும் இயந்திரம் காட்டாத ஒன்றை இது காட்டுகிறது.

எலும்பு உயிருள்ள திசு. பழையதைக் கரைக்க ஒருவகைச் செல்களும் புதிதாகக் கட்ட இன்னொரு வகைச் செல்களும் வாழ்நாள் முழுதும் வேலை செய்கின்றன. கரைக்கும் செல்கள் அளவு மீறாமல் பிடித்துவைப்பது ஈஸ்ட்ரோஜன். அது குறைவதே மாதவிடாய் நின்றபின் எலும்பு மெலிவதற்குக் காரணம் என்று பாஸ்டன் மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1940-களின் தொடக்கத்திலேயே எழுதினார். எப்போது, எவ்வளவு என்று அறிய, ஒரே பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1996-இல் தொடங்கிய ஸ்வான் ஆய்வு அதைச் செய்தது. கடைசி மாதவிடாய்க்கு ஓராண்டு முன்பிருந்து இரண்டாண்டு பின்பு வரையிலான மூன்றே ஆண்டுகளில் முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 7 விழுக்காட்டுக்கும் மேல் இறங்கியிருந்தது. அதே ஆய்விலிருந்து கொழுப்பையும் தசையையும் பற்றி 2019-இல் வெளிவந்த முடிவுகள் என்னை இன்னும் அதிகமாக யோசிக்க வைப்பவை. மாதவிடாய் நிற்பதற்கான மாற்றம் தொடங்கியதும் கொழுப்பு சேரும் வேகம் இரட்டிப்பானது. தசை சேர்ந்த திசு குறையத் தொடங்கியது. உடல் எடையோ அதற்கு முன்பு எப்படி மெதுவாக ஏறிவந்ததோ அப்படியே ஏறியது. உள்ளே இவ்வளவு நடந்தும் எடைக் கோட்டில் ஒரு வளைவுகூட இல்லை.

வயதானால் எல்லாம் தளரத்தானே செய்யும், இதில் மாதவிடாயை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். வயது மட்டுமே காரணமென்றால் சரிவு சீராக இருந்திருக்கும். கடைசி மாதவிடாய் நாளை மையமாக வைத்துப் பார்க்கும்போது சரிவு வேகமெடுப்பதும், இரண்டாண்டு கழித்துத் தணிவதும் தெளிவாகத் தெரிகின்றன. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்ட பெண்களுக்கு, வயது முப்பதுகளில் இருந்தாலும், எலும்பு இதே போல வேகமாகக் குறைகிறது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில், மேற்கத்தியப் பெண்களைவிட நான்கைந்து ஆண்டுகள் முன்னதாகவே, மாதவிடாய் நின்றுவிடுவதால் நமக்கு இந்தக் கணக்கு சீக்கிரமே தொடங்குகிறது.

பூசினாற்போல் இருப்பவர்களுக்கு எலும்பு வலுவாக இருக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. கூடுதல் எடை எலும்பின்மீது சுமையாக அமைந்து அடர்த்தியைக் கூட்டுகிறது. கொழுப்புத் திசுவும் சிறிது ஈஸ்ட்ரோஜனை உண்டாக்குகிறது. ஆனால் பல நாடுகளின் பெண்களைப் பின்தொடர்ந்த குளோ ஆய்வு 2011-இல் காட்டியது வேறு: உடல் பருமன் எலும்பு முறிவிலிருந்து காப்பாற்றவில்லை, கணுக்காலும் மேல்காலும் முறிவது பருமனானவர்களிடம் அதிகமாகவே இருந்தது. அடர்த்தி ஒன்று, முறிவு வேறொன்று. பெரும்பாலான முறிவுகள் விழுவதால் வருகின்றன, விழாமல் காப்பது தசை. அமெரிக்காவில் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பெண்களை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட கணக்கில், முறிவு ஏற்பட்டவர்களில் 82 விழுக்காட்டினருக்கு டி-ஸ்கோர் −2.5-க்கு மேலே இருந்தது. கை, குதிகால் போன்ற இடங்களை அளக்கும் சிறு கருவிகளால் எடுத்த எண்கள் அவை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். என்றாலும் எலும்புப்புரை இல்லை என்று தாளில் வந்ததும் நிம்மதியாகிவிடுவது தவறு என்பதற்கு அது போதுமான சான்று.

அடுத்து கால்சியம் மாத்திரை. அமெரிக்காவில் 36,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2006-இல் முடிவு வெளியான சோதனையில் கால்சியமும் வைட்டமின் டி-யும் இடுப்பெலும்பின் அடர்த்தியை ஏறக்குறைய 1 விழுக்காடு கூடுதலாக வைத்திருந்தன. முறிவுகள் உறுதியாகச் சொல்லும்படி குறையவில்லை. சிறுநீரகக் கல் கூடியது. குறைபாடு உள்ளவர்களுக்கு இவை தேவைதான், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களிடம் பலன் தெரிந்ததும் உண்மைதான். ஆனால் மாத்திரை தசையைத் தருவதில்லை. எலும்புக்குக் கட்டளை சுமையிலிருந்து வருகிறது. எடையற்ற விண்வெளியில் வீரர்களின் இடுப்பெலும்பு மாதம் 1 விழுக்காட்டுக்கு மேல் கரைகிறது. டென்னிஸ் வீராங்கனையின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மறுகையைவிடத் தடித்திருக்கிறது.

அப்படியானால் நாள் முழுக்க வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு எலும்பு இரும்பாக இருக்க வேண்டாமா? எலும்பு பழகிய சுமையைப் பொருட்படுத்துவதில்லை; ஆயிரம் முறை செய்தாலும் அதே லேசான வேலை அதற்குச் செய்தியாவதில்லை. வழக்கத்தைவிடக் கூடிய சுமை, சில முறையே என்றாலும், அதை எழுப்புகிறது. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் நடந்த லிஃப்ட்மோர் சோதனை இதைத் துணிந்து பார்த்தது. எலும்படர்த்தி குறைந்த, 58 வயதைக் கடந்த 101 பெண்களில் ஒரு பிரிவினர் வாரம் இருமுறை, தலா அரைமணி, கனமான பளு தூக்கினார்கள், குதித்து இறங்கினார்கள். எட்டு மாதத்தில் அவர்களது முதுகெலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. வீட்டிலேயே லேசான பயிற்சி செய்த மறுபிரிவினருக்கு 1.2 விழுக்காடு குறைந்தது. முறிந்துவிடுமே என்ற அச்சம் இயல்பானது. ஆனால் பளு தூக்கிய பிரிவில் நேர்ந்தது ஒருவருக்கு வந்த லேசான முதுகுப் பிடிப்பு மட்டுமே. காரணம், முதல் மாதம் குறைந்த எடையோடு தொடங்கினார்கள், பயிற்சியாளர் கண்காணிப்பு கடைசி வரை இருந்தது. முதுகெலும்பு ஏற்கெனவே நொறுங்கியிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. டி-ஸ்கோர் மிகக் குறைவாக உள்ளவர்களுக்கு மருந்தும் வேண்டும், அந்த மருந்துகள் முறிவைக் குறைப்பது நிரூபணமானது.

எல்லோரும் முழு உடல் ஸ்கேன் எடுத்தாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் தசை தளர்ந்திருக்கலாம் என்று ஆசிய மருத்துவக் குழு 2019-இல் வகுத்திருக்கிறது. அதற்குச் செலவே இல்லை. ஆனால் எலும்புக்காக டெக்ஸாவுக்குப் போகிறவர்கள், முழு உடல் அளவையும் எடுக்கலாமா என்று கேட்கலாம். அந்த வசதியுள்ள இயந்திரத்தில் கூடுதலாகச் சில நிமிடங்கள்தான் ஆகும். இயந்திரத்தின் அளவே 1, 2 விழுக்காடு முன்பின்னாக வரும் என்பதால், ஆறு மாதத்தில் மறுபடி எடுத்துச் சிறு ஏற்ற இறக்கத்தைப் பார்த்து மகிழ்வதிலும் கலங்குவதிலும் பொருளில்லை. பொதுவாக ஓரிரு ஆண்டு இடைவெளி விட்டு, அதே மையத்தில், அதே இயந்திரத்தில் எடுத்தால்தான் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும்.