மாட்டுக்கு மருந்து, கழுகுக்கு விஷம்

உபகாரம் செய்யப் போய் அது அபகாரமாக முடிவது உலகில் புதிதன்று. ஆனால், பசுவின் நோவைத் தணிக்கக் கொடுத்த மருந்து ஒரு தேசத்தின் ஆகாயத்தையே வெறுமையாக்கிவிட்டது என்றால் நம்ப முடிகிறதா? நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

கழுகு என்றவுடன் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். ஜடாயுவைக் கைகூப்பித் தொழும் நாமே, பிணந்தின்னி என்று அதன் குலத்தை இகழ்கிறோம். உண்மையில் நம் கிராமங்களுக்கு அதைவிடச் சிறந்த சுகாதார ஊழியர் இருந்ததில்லை. ஊர்ப்புறத்தில் மாடு இறந்தால், கூட்டமாய் இறங்கிச் சிறிது நேரத்தில் எலும்பை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போகும்; கூலியும் கேளாது.

1990களில் இக்கழுகுகள் மறையத் தொடங்கின. ராஜஸ்தானத்திலுள்ள பரத்பூர் சரணாலயத்தில் அவை தலை தொங்கிச் சோர்ந்து மடிவதை, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் கண்டு எச்சரித்தார். வெண்முதுகுக் கழுகு என்னும் இனத்தில், 1992இல் ஆயிரம் இருந்த இடத்தில் 2007இல் ஒன்றுதான் மிஞ்சிற்று. தொற்று நோயோ என்று விஞ்ஞானிகள் முதலில் ஐயுற்றனர். பாகிஸ்தானில் ஆராய்ச்சி செய்த லிண்ட்சே ஓக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடைய குழுவினரும் 2004இல் மர்மத்தை வெளியிட்டனர். காரணம் டைக்ளோஃபினாக் என்னும் வலி நிவாரண மருந்து.

இம்மருந்தைச் செலுத்திய மாடு சில தினங்களுக்குள் இறந்துபோனால், அதன் உடலில் மருந்து தங்கியிருக்கும். அந்த மாமிசத்தை உண்ட கழுகின் சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின்மேல் வெண்பொடிபோல் படிகிறது. சில நாட்களில் பறவை மாள்கிறது. ஒரே உடலைப் பல கழுகுகள் பகிர்ந்து உண்பதாலும், ஆண்டுக்கு ஒரு முட்டையே இடுவதாலும், 760 மாடுகளில் ஒன்றின் உடலில் விஷம் இருந்தாலே அவ்வினம் இப்படி அழியக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

கழுகு போனதால் நமக்கென்ன என்று கேட்பவர் உண்டு. அழுகும் மாமிசத்தில் நாய்கள் பெருகின. வெறிநாய்க் கடியும், நீர்வழி நோய்களும் தொடர்ந்தன. 2000 முதல் 2005 வரை இந்தியாவில் ஏறக்குறைய 5 லட்சம் மக்கள் இதனால் அதிகமாக மாண்டனர் என்று பொருளாதார அறிஞர்களான இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் இருவரும் 2024இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் மதிப்பிடுகின்றனர்.

நம் சர்க்கார் வாளாவிருக்கவில்லை. 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. உடனே சிலர், மனிதருக்கென விற்ற பெரிய குப்பிகளை வாங்கி மாடுகளுக்குச் செலுத்தினர். 2015இல் 3 மில்லிலிட்டர் ஒற்றை வேளைக் குப்பிக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. மருந்துக் கம்பெனிகள் வழக்காடின. விதி செல்லுமென்று சென்னை ஹைக்கோர்ட் 2017இல் தீர்ப்பளித்தது. அசெக்ளோஃபினாக் என்பது வேறு பெயரில் வந்த மருந்து. ஆனால் மாட்டின் உடலுக்குள் போனதும் அதுவும் டைக்ளோஃபினாக்காக மாறிவிடுகிறது. அதையும் கீட்டோப்ரோஃபெனையும் 2023இல் தடுத்தார்கள். கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்ஸிகம் என்னும் மருந்து இருக்கும்போது மற்றவை எதற்கு?

ஹரியானாவில் பிஞ்சோரில் கழுகுகளைக் கூண்டிலிட்டு வளர்த்து இனம் பெருக்குகிறார்கள். தென்னாட்டில் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சிய வெண்முதுகுக் கழுகுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. அவற்றின் உயிர் சட்டப் புத்தகத்தில் இல்லை. மாட்டுக் கொட்டிலில் இருக்கிறது.

பசு வளர்ப்போர் வைத்தியரிடம் மருந்தின் பெயரைக் கேட்கட்டும். மருந்து செலுத்தியபின் மாடு இறந்தால் வெளியில் எறியாமல் ஆழப் புதைக்கட்டும். பட்டணவாசிகளுக்கும் இதில் பங்குண்டு. கோசாலைகளுக்குப் புண்ணியம் கருதிப் பொருள் வழங்குகிறோமே, அங்கே என்ன ஊசி போடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை விசாரிக்கலாகாதா? பசுவின்பால் காட்டும் கருணை பறவைக்கு யமனாகாமல் காப்பது, கொடுப்பவரின் கடமையே ஆகும்.