வேலிக்கு இரு புறமும்

குற்றக் கதைகளில் குற்றவாளி யார் என்பதே பெரும்பாலும் வினாவாக அமையும். குற்றம் நடந்தபோது ஊரார் கண்கள் எங்கே இருந்தன என்று வினவும் படம் 'சபர்பிகான்'. ஜார்ஜ் குளூனி இயக்கிய இவ்வமெரிக்கப் படம் 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது.

கதை நிகழும் புறநகரின் பெயரே படத்தின் பெயர், காலம் 1959. ஒரே அமைப்புடைய வீடுகளும் ஒழுங்காக வெட்டிய புல்தரைகளும் நிறைந்த அவ்வூரில் ஒரு கறுப்பினக் குடும்பம் குடியேறுகிறது. வெள்ளையர் பதறுகின்றனர், அவ்வீட்டைச் சுற்றி வேலி எழுப்புகின்றனர், இரவும் பகலும் கூடி நின்று கூச்சலிடுகின்றனர்.

அவ்வீட்டின் பின்புறத்தே கார்ட்னர் என்னும் வெள்ளையரின் இல்லம் உள்ளது. ஓரிரவு இருவர் புகுந்து அனைவரையும் கட்டிப்போட்டு மயக்க மருந்து கொடுக்கின்றனர், மனைவி இறந்துபடுகிறாள். அவர்களை ஏவியவர் கணவரே. உடந்தையாய் இருந்தவள் இறந்தவளின் இரட்டைச் சகோதரி. இருவரும் நாடியது காப்புறுதிப் பணம். காவல் நிலையத்தில் கொலையாளிகளை எதிரில் கண்டும் அவர்கள் அடையாளம் காட்ட மறுப்பதைச் சிறுவன் நிக்கி மறைந்திருந்து பார்த்துவிடுகிறான். அவனுக்கென நஞ்சிட்டு வைத்த உணவை இறுதியில் தந்தையே உண்டு மடிகிறார்.

படத்தின் அங்கதம் இவ்விரு வீடுகளின் அண்மையில் பிறக்கிறது. தீங்கு செய்யாத குடும்பத்தின்மீது ஊரே கண் வைத்திருக்கிறது. கொலை நிகழும் வீட்டை எவரும் ஐயுறவில்லை. நிறமே நன்மை தீமைக்கு அளவுகோலாகும் இடத்தில், மெய்யான குற்றவாளிக்கு அதைவிடச் சிறந்த மறைவிடம் வேறில்லை.

இது வெறுங் கற்பனையன்று. பென்சில்வேனியாவின் லெவிட்டவுன் நகரில் 17,311 வீடுகளைக் கட்டிய லெவிட் நிறுவனம் அவற்றை வெள்ளையருக்கே விற்றது. 1957 ஆகஸ்டில் வில்லியம், டெய்சி மயர்ஸ் தம்பதியர் ஓர் உரிமையாளரிடம் நேரே வீடு வாங்கிக் குடியேறினர். கூட்டம் திரண்டு கல்லெறிந்தது. மாநிலக் காவலர் வரவழைக்கப்பட்டனர். தம்பதியரோ அஞ்சி ஓடாமல் சில ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தனர்.

கோயன் சகோதரர் 1980களில் எழுதிய கொலைக் கதையுடன் இவ்வரலாற்றைக் குளூனியும் கிராண்ட் ஹெஸ்லவும் இணைத்தனர். இணைப்பு முற்றும் பொருந்தவில்லை. கார்ட்னரின் ஆசையும் அச்சமும் விரிவாகக் காட்டப்பட, கறுப்பினக் குடும்பத்தார் வாய் திறந்து பேசும் இடங்கள் மிகச் சில. அவர்கள் என்ன எண்ணினர், எவ்வாறு தாங்கினர் என்பது அறியக் கிடைக்கவில்லை. ஊரார் அவர்களை மனிதராகக் காணவில்லை என்று குறைகூறும் படம், தானும் அவர்களை முழுமையாகக் காணத் தவறியது.

எனினும் இறுதிக் காட்சி நினைவில் நிற்கும். பெற்றோரை இழந்த நிக்கியும் கறுப்பினச் சிறுவன் ஆண்டியும் வேலியின் இரு புறமும் நின்று பந்தெறிந்து விளையாடுகின்றனர். பெரியோர் காணாததைச் சிறுவர் இருவரும் முதலிலேயே கண்டிருந்தனர்.