பிசிராந்தையாரின் மனைவிக்கு நரைத்திருந்ததா?

1

புறநானூற்றின் 191ஆம் பாட்டு தமிழ் எம்.ஏ. படித்த எல்லோருக்கும் மனப்பாடம். வகுப்பில் அதை நட்பின் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த இடத்துக்குப் பாண்டிநாட்டிலிருந்து பிசிராந்தையார் வந்து சேர்கிறார். அங்கே கூடியிருந்த சான்றோர் கேட்கிறார்கள்: உம்மைப் பற்றிக் கேள்விப்பட்டே எத்தனையோ வருஷமாயிற்று, இன்னும் எப்படி நரைக்காமல் இருக்கிறீர்?

அவர் சொன்ன பதிலை இன்றைய வாரப் பத்திரிகைகளின் 'அறுபதிலும் இளமை' பக்கங்களோடு வைத்துப் பார்க்கலாம். மூலிகை, உணவு, மூச்சுப்பயிற்சி எதையும் அவர் சொல்லவில்லை. மனைவி மாண்புடையவள், மக்கள் அறிவு நிரம்பியவர்கள், இளையர் நான் நினைப்பதையே நினைப்பவர்கள், அரசன் முறைகேடு செய்வதில்லை, எல்லாவற்றுக்கும் மேலாக என் ஊரில் அடக்கமுள்ள சான்றோர் பலர் இருக்கிறார்கள். இவ்வளவுதான் பதில். உடம்பைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு உறவுகளை வைத்து விடை சொல்கிறார். வீடு, ஆட்சி, ஊர் மூன்றும் சரியாயிருந்தால் நரை தள்ளிப்போகும் என்பது அவர் வாதம். முதுமையை ஒரு சமூக நிலையாகப் பார்க்கும் பார்வை நம் மொழியில் இவ்வளவு முன்னாலேயே இருந்திருக்கிறது.

நாலடியாருக்கு வரும்போது நிலைமை மாறிவிடுகிறது. அதன் இரண்டாம் அதிகாரம் 'இளமை நிலையாமை'. அங்கே முதுமை ஒரு பாடம். மற்றவர்களைத் துறவுக்குத் தள்ளுவதற்கான உதாரணம். கோலூன்றிய கிழவியின் உடம்பு இளைஞனுக்குப் புத்தி சொல்ல மேடையேற்றப்படுகிறது. அந்தக் கிழவி என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

2

சீமோன் தி போவா 1970இல் முதுமையைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவருடைய மையக் கருத்தை எளிமையாக இப்படிச் சொல்லலாம்: 'நான் கிழவியாகிவிட்டேன்' என்பதை நான் எனக்குள்ளிருந்து அறிவதில்லை. பஸ்ஸில் ஒரு பையன் எழுந்து இடம்விடுகிறான், கடைக்காரர் 'பாட்டி' என்று கூப்பிடுகிறார், அப்போதுதான் தெரிகிறது. முதுமை எனக்குள் குடியேறிய மற்றமை, அடுத்தவர் பார்வை வழியே எனக்குள் வருவது. சமூகம் தன் முதியவர்களை நடத்தும் விதம் அந்தச் சமூகத்தின் மொத்தத் தோல்வியையும் காட்டிக்கொடுக்கிறது என்றும் அவர் வாதிட்டார். அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1969இல், அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பட்லர் வயதை வைத்து மனிதரை ஒதுக்குவதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'வயதுவாதம்' எனலாம். இனவாதம், ஆண்வாதம் போல.

ஆனால் அதிகம் பரவியது இன்னொரு சொல்லாடல். 1987இல் ஜான் ரோ, ராபர்ட் கான் என்ற இருவர் 'சயன்ஸ்' இதழில், வழக்கமான மூப்பு வேறு, வெற்றிகரமான மூப்பு வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். வயதின் மேல் பழிபோடும் பல இழப்புகளுக்கு உணவு, உழைப்பு, சூழல் ஆகியவையும் காரணம் என்பது அவர்கள் கட்சி. நியாயமான கட்சிதான். ஆனால் 'வெற்றி' என்றொரு சொல் வந்துவிட்டால் 'தோல்வி'யும் பின்னாலேயே வரும். மூட்டு தேய்ந்தவர், பக்கவாதத்தில் விழுந்தவர், நினைவு மங்கியவர் எல்லாம் தோற்றவர்களா? அறுபது வயதுவரை நாற்று நட்டவளின் முதுகு வளைந்தால் அது அவள் உடற்பயிற்சி செய்யாத குற்றமா?

மனப்பாங்கு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. 2002இல் பெக்கா லெவியும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு பிரசித்தமானது. ஒஹையோ மாநிலத்தில் 50 வயதைத் தாண்டிய 660 பேரின் பதில்களை எடுத்துக்கொண்டு, பின்னால் யார் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்று பார்த்தார்கள். தன் மூப்பைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை வருஷம் அதிகம் வாழ்ந்திருந்தார்கள். உடனே 'நல்லதையே நினை, நூறு வருஷம் வாழ்' என்று புத்தகம் போடக் கிளம்பிவிட்டார்கள். ஆனால் அந்த மனப்பாங்கு எங்கிருந்து வருகிறது? சின்ன வயசிலிருந்து முதியோரைப் பற்றிக் கேட்ட கேலி, கதை, வசவு எல்லாம் உள்ளே தங்கி, வயதானபின் தன்மேலேயே திரும்புகிறது என்பதுதான் லெவியின் கோட்பாடு. 'கிழட்டு மூதேவி' என்று அடுத்தவளைத் திட்டிப் பழகிய வாய், எழுபதில் தன்னையே அப்படித் திட்டிக்கொள்ளும். ஆக, இங்கேயும் ஊர்தான் பேசுகிறது. பிசிராந்தையார் அப்படியொன்றும் தப்பாகச் சொல்லிவிடவில்லை.

3

ஆனால் பிசிராந்தையாரோடு அப்படியே கைகுலுக்கிவிட்டுப் போய்விட முடியாது. அவர் பட்டியலை மறுபடி வாசியுங்கள். மனைவி இருக்கிறாள், இளையர் இருக்கிறார்கள். இளையர் என்றால் ஏவலர் என்று பொருள் கொள்வது வழக்கம். அவருக்கு நரைக்காமல் இருக்க இவர்கள் வேலை செய்திருக்கிறார்கள். சோறாக்கியது யார், வெந்நீர் வைத்தது யார், அவர் நினைத்ததையே நினைக்கக் கற்றுக்கொண்ட ஏவலனுக்குத் தனியாக நினைக்க ஏதாவது இருந்ததா? மனைவிக்கு நரைத்திருந்ததா? பிரதி மௌனமாக இருக்கிறது.

சங்கப் பாட்டில் பெண்ணின் நரை வராமலில்லை. 277ஆம் பாட்டில் வருகிறது. போரில் மகன் செத்தான் என்று கேட்டு மகிழும் தாயின் கூந்தலில். 278இல் நரம்பு புடைத்த முதியவள் வருகிறாள். மகனின் பிணத்தைத் தேடிக்கொண்டு. ஆண் கிழவன் 243ஆம் பாட்டில் தன் வாயாலேயே தன் தளர்ச்சியைப் பேசுகிறான். குளத்தில் குதித்த இளமையை நினைத்து ஏங்குகிறான். இங்கே கிழவியின் உடம்போ மகனின் வீரத்துக்குச் சாட்சியாக மட்டும் வருகிறது. அவள் குதித்த குளம் எது?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தது ஏன்? பெற்ற மக்களோடு பகை மூண்டு, அவர்கள்மேல் போருக்குப் புறப்பட்டு, புலவர் தடுத்தபின் எடுத்த முடிவு அது. மகன்களோடு முறிந்துபோன ஒரு தகப்பன் பட்டினி கிடக்கும் இடத்தில் நின்றுகொண்டுதான் 'என் மக்கள் நிரம்பியவர்கள்' என்கிறார் இவர். குடும்பம் முதுமைக்கு அரண் என்ற பெருமையும் குடும்பமே முதுமையை முறிக்கும் என்ற உண்மையும் ஒரே களத்தில் நிற்கின்றன. 'அந்தக் காலத்தில் பெரியவர்களை எப்படி வைத்திருந்தோம்' என்று புலம்புகிறவர்கள் இந்தக் களத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

4

எங்கள் தெருவில் ஒரு ஆத்தா, எழுபதைத் தாண்டியவர். முதியோர் பணத்துக்கு மனுப்போட அலைந்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: "புள்ளை கஞ்சி ஊத்தலைன்னு எழுதிக் குடுத்தாத்தான் காசாம்டா தம்பி. அவனே கூலிக்குப் போறான். நான் எப்பிடி அப்பிடி எழுதுவேன்?"

இந்தத் திட்டம் தமிழ்நாட்டில் 1962இல் மாதம் 20 ரூபாயோடு தொடங்கியது. 2023இல் 1200 ரூபாய் ஆயிற்று. இதில் மத்திய அரசின் பங்கு 2006இல் வைத்த 200 ரூபாயிலேயே வருஷக்கணக்காக நின்றது. தொகையைவிட முக்கியமானது அதற்குள் இருக்கும் சொல்: 'ஆதரவற்றோர்'. அரசு ஊழியருக்கு ஓய்வூதியம் உழைத்ததற்கான உரிமை. களையெடுத்தவளுக்கு அதே பணம் நாதியற்றவள் என்று ஒப்புக்கொண்டால் கிடைக்கும் தயவு. 'ஓய்வு' என்ற சொல்லே மாதச் சம்பளக்காரர்களுடையது. 2020இல் 58ஐ 59ஆகவும், 2021இல் 60ஆகவும் அரசாணை மாற்றியது. ஊழியரின் முதுமை ஓர் ஆணையில் தள்ளிப்போயிற்று. கூலிக்காரிக்கு அப்படி ஒரு தேதியே கிடையாது. கை நடுங்குகிற அன்றைக்கு அவள் முதுமை தொடங்குகிறது.

2007இல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய்வரை வாங்கித்தர வழிசெய்தது. சொத்துள்ள குடும்பத்தில் இது பயன்படும். பிள்ளைக்கே வேலையில்லாத வீட்டில் எதைப் பறிமுதல் செய்வது?

இந்தக் கேள்வியின் கடைசிப் படியில் 'தலைக்கூத்தல்' நிற்கிறது. தென்மாவட்டங்களில் படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய்க் குளியலும் இளநீரும் கொடுத்துச் சாகவிடும் வழக்கம். 2010இல் விருதுநகர் பக்கம் ஒரு முதியவர் விஷயம் தெரிந்து தப்பியோடியபின் பத்திரிகைகளில் அடிபட்டது. 'பாரம்' என்ற படமும் வந்தது. இது கொலை. இதற்குக் கருணை என்று பெயர் வைப்பதை ஏற்க முடியாது, ஏனென்றால் சாகிறவரை யாரும் கேட்பதில்லை. ஆனால் 'காட்டுமிராண்டிகள்' என்று சொல்லிவிட்டு நகரவாசி கைகழுவிக்கொள்வதையும் ஏற்க முடியாது. மலம் அள்ள ஒரு மருமகள் கூலியை விட்டுவிட்டு வீட்டிலிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கடன் வாங்க வேண்டும். பிசிராந்தையார் சொன்ன வீடு, ஆட்சி, ஊர் மூன்றும் கைவிட்ட இடத்தில்தான் எண்ணெய்க் கிண்ணம் வருகிறது.

5

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம், இந்தியச் சராசரி 8.6. அந்த வித்தியாசம் கூடிக்கொண்டுதான் போகிறது. நம் இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் முதுமை ஏன் ஒரு வரிகூட இல்லை? நாம் எழுதும் கதைகளில் கிழவிகள் ஏன் இன்னும் சாகிறதற்கும் கதை சொல்கிறதற்கும் மட்டுமே வருகிறார்கள்? பராமரிப்பு உழைப்பு, கூலி உழைப்பைப் போலவே உழைப்பு என்று பேச ஆரம்பித்தால் மருமகளும் மாமியாரும் ஒரே பக்கம் நிற்க முடியும்.

அன்று அந்தச் சான்றோர் கேள்வியைச் சரியாகத்தான் கேட்டார்கள். ஆளைத்தான் ஒருவரோடு நிறுத்திவிட்டார்கள். அவர் வீட்டுக்குப் போய் அடுப்படியில் நிற்கிறவளையும் வாசலில் நிற்கிற ஏவலனையும் கேட்டிருக்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆத்தாவையும் கேட்கலாம். அவர் மனு இன்னும் மேசையில்தான் கிடக்கிறது.